எண்ணெய் வடிக்கும் பொயிலரில் கறள்: எந்த அறிகுறிக்கு எங்கே பார்ப்பது

மாரி முடிந்து தை, மாசியில் வெயில் ஏறத் தொடங்கியதும் எனக்கு அழைப்பு வரத் தொடங்கிவிடும். எல்லாம் ஒரே கதைதான். "தம்பி, போன வருசம் நல்லாத்தான் வடிச்சது. இப்ப திறந்து பாத்தா உள்ளுக்க ஒரே கறள்." மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கமும் அம்பாறை எல்லைக் கிராமங்களிலும் எலுமிச்சைப்புல்லை யானை அவ்வளவாகத் தீண்டாது என்பதால் வேலி ஓரத்தில் நட்டு, வீட்டிலேயே எண்ணெய் வடிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் பொயிலர் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று 200 லீற்றர் தகரப் பரல். மற்றது வெல்டிங் செய்யும் ஒட்டுக்கடையில் 3 மில்லிமீற்றர் இரும்புத் தகட்டை உருட்டி அடித்தது. இந்தக் குறிப்பு இரண்டுக்கும். பொயிலரில் தண்ணீர் கொதித்து, ஆவி தட்டில் வைத்த புல்லுக்கூடாக ஏறி, கழுத்துக் குழாயால் போய், குளிர்த்தொட்டியில் இருக்கும் சுருள் குழாயில் ஆறி, வடிநீரும் எண்ணெயுமாக விழும்.

பரலும் சுருள் குழாயும் ஒரே வளவில் கண்டால் ஊர் முதலில் கசிப்பு என்றுதான் நினைக்கும். அனுமதியில்லாமல் மதுசாரம் வடிப்பது மதுவரிக் கட்டளைச் சட்டப்படி குற்றம். இங்கே பேசுவது புல்லெண்ணெய்ப் பொயிலரைப் பற்றி மட்டும். எண்ணெய்தான் வடிக்கிறீர்கள் என்றாலும் கிராம சேவகரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் பிறகு அலைச்சல் இல்லை.

தொடுவதற்கு முன்

நெருப்பை அணைத்து ஒரு இரவு விடுங்கள். மூடி ஆறியிருந்தாலும் உள்ளே தண்ணீர் கையைச் சுடும் சூட்டில் இருக்கலாம். தேவையான சாமான்கள் ஒரு ரோச், சின்னச் சுத்தியல், திருப்புளி, ஒரு காந்தத் துண்டு, பழைய வெள்ளைச் சீலை. பெற்றோலோ களைநாசினியோ வந்த பரல் என்றால் இந்த வேலைக்கே எடுக்காதீர்கள். பெற்றோல் வந்த பரலில் ஒட்டு வைக்கும்போது வெடிக்கும், களைநாசினி எண்ணெயில் இறங்கும். கழுவிவிட்டேன் என்ற சமாதானம் இரண்டுக்கும் செல்லாது.

வடிநீர் பழுப்பாக விழுகிறது

அதிகம் கேட்கப்படுவது இதுதான், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். ஆவி கறளைத் தூக்கிக்கொண்டு போகாது. தண்ணீர் ஆவியானால் இரும்பு பொயிலரிலேயே தங்கிவிடும். ஆகவே குளிர்த்தொட்டிக்கு அந்தப் பக்கம் பழுப்பு விழுந்தால் இரண்டில் ஒன்று நடக்கிறது. ஒன்று, ஆவி போகும் குழாயே உள்ளே கறள் பிடித்திருக்கிறது. அல்லது, பொயிலர்த் தண்ணீர் ஆவியாகாமல் அப்படியே பொங்கி மேலே ஏறுகிறது. பரலைச் சுரண்டுவதற்கு முன் எது என்று கண்டுபிடியுங்கள்.

முதல் இரண்டு, மூன்று லீற்றர் மட்டும் பழுப்பாக வந்து பிறகு தெளிந்தால்: மாரி முழுக்கக் குழாய் ஈரமாகக் கிடந்திருக்கிறது. புல் போடாமல் வெறும் தண்ணீரை ஒரு மணித்தியாலம் கொதிக்க வையுங்கள். வடிவதைக் கொட்டுங்கள். சில நேரம் அதோடு முடிந்துவிடும்.

தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஒரே மாதிரிப் பழுப்பு என்றால்: குழாயைக் கழற்றுங்கள். நீண்ட தடியில் வெள்ளைச் சீலையைச் சுற்றிக் கழுத்துக் குழாய்க்குள் விட்டு இழுங்கள். சீலை சிவந்து வந்தால் குழாய்தான் காரணம். பெரும்பாலும் தண்ணீர் வேலைக்கு வாங்கிய நாகப்பூச்சுக் குழாய் அது. பூச்சு கரைந்தபின் உள்ளே வெறும் இரும்புதான் மிஞ்சும். அதைச் சுத்தம் செய்து மாளாது. செம்புக் குழாயோ கறளேறாத எஃகுக் குழாயோ போடுங்கள். மலிவு என்று பிவிசி போடாதீர்கள், ஆவிச் சூட்டில் குழைந்துவிடும்.

சீலை சுத்தமாக வந்து, வடிநீரும் விட்டுவிட்டுப் பொங்கிப் பொங்கிப் பழுப்பாக விழுந்தால்: பொயிலர் பொங்குகிறது. முதலில் நீர்மட்டத்தைப் பாருங்கள். பரலில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக்கூடாது. ஆவிக்கும் இடம் வேண்டும். மட்டம் சரி என்றால் அடுப்பைப் பாருங்கள். வேகமாக வடிக்க வேண்டும் என்று சிரட்டையை அள்ளிப் போடுவார்கள். அதுவும் சரி என்றால் தண்ணீரே கெட்டிருக்கிறது. ஒரு வாரமாக வெளியேற்றாமல் மேலே மேலே ஊற்றிய தண்ணீர் அது. 100 லீற்றர் ஊற்றி 75 லீற்றர் ஆவியாகப் போனால், மிச்சம் 25 லீற்றரில் முழு உப்பும் கிடக்கும். அதாவது நாலு மடங்கு கனம். நுரைக்கும். எல்லாவற்றையும் வடியவிட்டுப் புதுத் தண்ணீர் பிடியுங்கள்.

நிறம் பழுப்பு இல்லை, மை மாதிரி கருநீலம் என்றால்: இலைச் சாற்றில் உள்ள துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் அப்படிக் கறுக்கும். வாழைக்காய் நறுக்கிய இரும்புக் கத்தி கறுப்பது போலத்தான். புல் வைக்கும் தட்டிலிருந்து சாறு ஒழுகிப் பொயிலர்த் தண்ணீரில் விழுகிறது, அந்தத் தண்ணீர் பொங்கி மேலே ஏறுகிறது என்று அர்த்தம். தட்டுக்கும் தண்ணீருக்கும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். ஒவ்வொரு வடிப்புக்கும் தண்ணீரை மாற்றுங்கள்.

ஒரு சின்ன விசயம். செம்புக் குழாய் இரும்புப் பரலில் நேரே இறங்கும் இடத்தில் மட்டும், வளையம் வளையமாக இரும்பு அரித்திருந்தால் அது சாதாரணக் கறள் அல்ல. ஈரத்தில் இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டால் இரும்புதான் தேயும். இடையில் சூடு தாங்கும் வாஷர் வைத்துப் பிரியுங்கள்.

எண்ணெய் கறுத்து வருகிறது, வடிநீர் தெளிவுதான்

எலுமிச்சைப்புல் எண்ணெய் மஞ்சளாக இருக்க வேண்டும். கறுத்தால் பெரும்பாலும் எண்ணெய் பிரியும் பாத்திரம்தான் காரணம். பழைய தகர ரின்னில் எண்ணெயைப் பிடிப்பார்கள். கண்ணாடிப் போத்தலுக்கு மாறிப் பாருங்கள். அடுத்த வடிப்பில் நிறம் திரும்பிவிட்டால் வேறு எதையும் தொட வேண்டாம். திரும்பாவிட்டால் மேலே சொன்ன சீலைச் சோதனை.

உள்ளே முழுக்கச் சிவப்பு

ரோச் அடித்துப் பாருங்கள். நிறத்தைப் பிரித்தறிவது முக்கியம். உள்ளே வழவழப்பாகக் கறுப்பாக ஒட்டிக்கிடப்பது நல்லது. அது கொதிக்கும் தண்ணீரில் இரும்பின் மேல் தானாகப் படியும் தோல். அடுத்த கறளை அது கொஞ்சம் தடுக்கும். அதைச் சுரண்டிப் பளபளப்பாக்கினால் நீங்களே புதுக் கறளுக்கு வழி திறந்துவிடுகிறீர்கள். சுரண்ட வேண்டியது விரலால் தேய்த்தால் தூளாக வருகிற சிவப்பும், செதில் செதிலாகக் கழன்று விழுவதும்தான்.

கறள் நீர்மட்டக் கோட்டில் மட்டும் பட்டையாக இருந்தால்: பாதி நிரப்பிய தண்ணீரோடு நாட்கணக்கில் விட்டிருக்கிறீர்கள். தண்ணீரும் காற்றும் சந்திக்கிற அந்தக் கோட்டில்தான் இரும்பு முதலில் அரிக்கும். வடித்த அன்றே வடியவிடுங்கள்.

அடியில் சேறு மாதிரி கிடந்தால்: கறளும் கிணற்று உப்பும் சேர்ந்த வண்டல். அதன் கீழே இரும்பு தனியாக அரிக்கும், அடுப்புச் சூடும் அங்கே தேங்கும். மரக் கரண்டியால் வழித்து எடுத்தபின் அந்த இடத்தைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். காரணம் பின்னால் வருகிறது.

மேலிருந்து கீழ்வரை எல்லா இடமும் சிவப்பு, குறிப்பாக வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் கடலுக்கோ வாவிக்கோ கிட்ட இருக்கும் வீடுகளில்: கிணற்றுத் தண்ணீரைச் சந்தேகியுங்கள். நாக்கில் உப்புத் தெரிந்தாலே பொயிலருக்குக் கூடாத தண்ணீர் அது. கொதிக்கக் கொதிக்க அந்த உப்பு கூடுமே தவிரக் குறையாது. ஆடி, ஆவணியில் கிணறு வற்றும்போது இன்னும் மோசம். மழைத் தண்ணீர் நல்லது. உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் குழாயில் வரும் ஊர் என்றால் அதுவும் பரவாயில்லை. எந்தத் தண்ணீராக இருந்தாலும் மூடியைத் திறந்து வைத்துப் பத்து நிமிடம் கொதிக்க விட்டுப் பிறகு மூடினால் கரைந்திருக்கும் காற்று போய்விடும்.

இனிச் சுத்தம் செய்வது. காய்ந்த நிலையில் கம்பித் தூரிகையால் தேய்த்துத் தூளைக் கொட்டுங்கள். மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள். கேக் சாமான் விற்கும் கடையில் சிற்றிக் அசிட் கிடைக்கும். ஒரு லீற்றருக்கு 50 கிராம் கணக்கு. பரலை நிரப்பினால் 10 கிலோ வேண்டும். யாரும் வாங்க மாட்டார்கள், வாங்கவும் வேண்டாம். 30 லீற்றர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒன்றரைக் கிலோ கரைத்து ஊற்றுங்கள். பரலை இரண்டு பழைய ரயர் மேல் படுக்க வைத்து, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை கால் சுற்று உருட்டுங்கள். வாய் முழுக்க மூடாமல் இருக்கட்டும், பக்கத்தில் நெருப்பும் சிகரெட்டும் வேண்டாம், எரியும் வாயு வெளியேறும். சிற்றிக் அசிட் இல்லையென்றால் வினாகிரி சரிவரும், நேரம் கூட எடுக்கும். பழப்புளிக் கரைசலும் வேலை செய்யும். ஆனால் கறளைவிடப் புளியைக் கழுவி எடுப்பதுதான் பெரிய பாடு.

ஒரு இரவு ஊறியபின் காலையில் உள்ளே சாம்பல் நிறமாக இருக்கும். வடியவிட்டு, 10 லீற்றருக்கு 100 கிராம் அப்பச்சோடா கரைத்த தண்ணீரால் அலசி, பிறகு நல்ல தண்ணீரால் அலசுங்கள். வடித்த கரைசலுக்கும் நுரை அடங்கும்வரை சோடா போட்டு, கிணற்றடிக்குத் தூரமாகக் கொட்டுங்கள். இதற்குப் பிறகு தேத்தண்ணி குடிக்கப் போய்விடக்கூடாது. சுத்தமான ஈர இரும்பு அரை மணித்தியாலத்துக்குள் செம்மஞ்சளாகிவிடும். நடுப்பகல் வெயிலில் வாயைச் சரித்து வைத்து உடனே காய விடுங்கள். காய்ந்ததும் தண்ணீர் பிடித்து ஒரு மணித்தியாலம் கொதிக்க வையுங்கள், அந்தக் கறுப்புத் தோல் திரும்பக் கட்டத் தொடங்கும்.

கக்கூஸ் கழுவும் அசிட்டை மட்டும் ஊற்றாதீர்கள். நான் ஊற்றியவன். தொழில் தொடங்கிய புதிதில், ஏறாவூர்ப் பக்கம் ஒரு அக்காவின் பரலுக்குப் பத்தே நிமிடத்தில் கறளை எடுத்துக் காட்டினேன். "கெட்டிக்காரன் மனே" என்று சோறும் தந்தார். மூன்று கிழமையில் அடி முழுக்க ஊசிக்குத்தாக ஒழுகியது. அந்த அசிட் கறளோடு நிற்காது, இரும்பையும் தின்னும், அதன் உப்பு குழிகளுக்குள் தங்கி மறுகா அரித்துக்கொண்டே இருக்கும். புதுப் பரல் என் காசில்தான் போனது. குளோரின் தூளோடு அதைக் கலந்தால் நச்சு வாயு, அது வேறு கதை.

உள்ளே பெயின்ற் அடிக்கலாமா என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். வேண்டாம். உரிந்து எண்ணெயில் வரும்.

அடுப்பில் சீறல், பரல் அடியில் ஈரம்

எரியும் அடுப்பில் சொட்டு விழுந்து "ஸ்ஸ்" என்று கேட்டால் அன்றைக்கு வடிப்பை நிறுத்துங்கள். ஆறியபின் முதலில் வடிகுழாய்த் திருகைப் பாருங்கள். அங்கிருந்து ஒழுகி அடியில் ஓடியிருக்கலாம். அப்படி என்றால் வெள்ளை நாடா சுற்றி இறுக்கினால் முடிந்தது.

இல்லை என்றால் பரலைக் கவிழ்த்துச் சாம்பலைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். அடி பெரும்பாலும் வெளியிலிருந்துதான் அரிக்கும். விறகுச் சாம்பலில் உப்பு இருக்கிறது. மாரிக் காற்றில் அது ஈரத்தை இழுத்து இரும்போடு ஒட்டிக் கிடக்கும். வடித்து முடித்த ஒவ்வொரு நாளும் அடியைத் துடைத்தால் பரலின் ஆயுள் கூடும், செலவு ஒரு பழந்துணி.

பிறகு சுத்தியலால் தட்டுங்கள். நல்ல இடம் "கிண்" என்று கேட்கும். மெலிந்த இடம் சாக்கைத் தட்டுவது போல மொத்தென்று கேட்கும். மொத்தென்ற இடத்தில் திருப்புளியை வைத்துக் கையால் அமுக்குங்கள், சுத்தியல் வேண்டாம். கொக்கட்டிச்சோலையில் ஒரு பரலில் இப்படி அமுக்கினேன். சத்தமே இல்லாமல் பிஸ்கற்றுக்குள் இறங்குவது போலத் திருப்புளி பிடிவரை உள்ளே போனது. வீட்டுக்காரர் முந்தின நாள் அதில் நாலு மணித்தியாலம் வடித்திருந்தார்.

ஒரே ஒரு ஓட்டை, சுற்றிலும் நல்ல "கிண்", 3 மில்லிமீற்றர்த் தகடு: ஒட்டுக்கடைக்குக் கொண்டுபோங்கள், ஒட்டுப்போட்டுத் தருவார்கள். ஒட்டியபின் தண்ணீர் நிரப்பி ஒரு நாள் வைத்துப் பார்த்துவிட்டு அடுப்பில் ஏற்றுங்கள்.

தகரப் பரலில் ஓட்டை, அல்லது இரண்டு இடத்துக்கு மேல் மொத்தென்ற சத்தம்: பரலை இரும்புக் கடையில் போடுங்கள். புதுப் பரலின் தகடே ஒரு மில்லிமீற்றர் அளவுதான். அரித்ததில் ஒட்டு வைத்தால் ஓட்டை பெரிதாகிக்கொண்டே போகும். அடியில் பசை பூசுவது நெருப்பில் நிற்காது. வேறொரு பரல் வாங்குவது இரண்டு முறை ஒட்டும் கூலியைவிட மலிவாகவும் இருக்கும்.

ஆவி குறைகிறது, மூடி உப்புகிறது

இதைக் கண்டால் முதலில் அடுப்பிலிருந்து விறகை இழுத்துப் போடுங்கள், மிச்சம் எல்லாம் பிறகு. மூடியைத் தொடாதீர்கள். திருகைத் தளர்த்தாதீர்கள். பரல் மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தள்ளி நில்லுங்கள்.

கழன்ற கறள் செதில் குழாய் வாயில் போய் அடைத்திருக்கிறது. தகரப் பரலின் மூடி 57 சென்ரிமீற்றர் அகலம். ஒரு சதுர அங்குலத்துக்கு ஒரு இறாத்தல் என்ற அற்ப அமுக்கம் ஏறினாலே அந்த மூடி முழுக்க 180 கிலோ தள்ளும். இரண்டரை மூடை நெல்லின் பாரம். பரல் அந்த வேலைக்குச் செய்யப்பட்டது அல்ல.

மறுநாள் ஆறியபின் கழற்றுங்கள். குழாய் வாயில் செதில் இருந்தால் எடுத்து, உள்ளே கறளைச் சுத்தம் செய்யாமல் மறுபடி ஏற்றாதீர்கள். சுருள் குழாயை வாயால் ஊதிப் பாருங்கள், மூச்சு தாராளமாகப் போக வேண்டும். பொயிலருக்கும் குளிர்த்தொட்டிக்கும் நடுவில் எவராவது வால்வு பூட்டியிருந்தால் அதைக் கழற்றி எறியுங்கள். நீர்மட்டக் கண்ணாடி இருந்தால் அதன் இரண்டு துவாரத்திலும் கம்பி விட்டுப் பாருங்கள். கறள் அடைத்தால் கண்ணாடியில் தண்ணீர் தெரியும், பொயிலரில் இருக்காது. காய்ந்து சிவந்த பொயிலரில் தண்ணீர் விடுவதைவிட ஆபத்தான வேலை இந்தத் தொழிலில் இல்லை.

மூடி ஒருமுறை உப்பி வளைந்திருந்தால் அந்தப் பரலைத் தட்டி நிமிர்த்த வேண்டாம், அதன் காலம் முடிந்தது. அமுக்கத்தில் வேலை செய்யும் பொயிலர்தான் வேண்டும் என்றால் சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கம் அரிசி ஆலைகளுக்குப் பொயிலர் வேலை செய்பவர்களிடம் போங்கள். ஆலைகளில் ஓடும் நீராவிப் பொயிலர்களுக்குத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் பரிசோதனை உண்டு. வீட்டு வளவு என்பதால் ஆவி உங்களுக்குச் சலுகை தராது.

கறளேறாத எஃகுதான், அதிலும் கறள்

காந்தத்தை வையுங்கள். நன்றாக ஒட்டினால் உங்களுக்கு விற்றது நல்ல ரகம் அல்ல. ஒட்டாவிட்டால் கறள் எங்கே என்று பாருங்கள். ஒட்டின் கோட்டில் மட்டும் என்றால் சாதாரண இரும்புக்கான 6013 வெல்டிங் குச்சியால் ஒட்டியிருக்கிறார்கள். 308எல் குச்சியால் திரும்ப ஒட்டச் சொல்லுங்கள், சாதாரண இரும்போடு சேரும் இடத்துக்கு 309எல். பரவலாகத் தேத்தண்ணிக் கறை மாதிரி என்றால் இரும்பு அரைத்த டிஸ்க்காலேயே இதையும் அரைத்திருக்கிறார்கள், இரும்புத் தூள் ஒட்டிக் கறளாகியிருக்கிறது. சிற்றிக் அசிட் துடைப்பு போதும். ஊசிக்குத்து மாதிரிக் குழி என்றால் உப்புத் தண்ணீர். அதற்கு மருந்து வேறு கிணறு.

சுத்தம் செய்தேன், அடுத்த வருடமும் அதே கறள்

அப்படியென்றால் வடிக்கும் மாதங்களில் எதையும் தேடாதீர்கள், கார்த்திகையில் பொயிலர் எப்படிக் கிடந்தது என்று யோசியுங்கள். நாளாந்தம் கொதிக்கும் பொயிலரில் நான் கண்ட கறள் கொஞ்சம். அடியில் ரெண்டு வாளித் தண்ணீரோடு மூடி, மேலே தறப்பாள் போர்த்து, மாரி முழுக்க விட்ட பொயிலரில் கண்டதுதான் அதிகம். தறப்பாள் மழையைத் தடுக்கும், உள்ளே இருக்கும் ஈரத்தையும் வெளியே விடாது.

கடைசி வடிப்பு முடிந்ததும், சூடு இருக்கும்போதே வடிகுழாயால் வடியவிடுங்கள். மிச்ச ஈரத்தை அந்தச் சூடே காயவைக்கும். வெறும் பொயிலருக்கு அடியில் நெருப்பு மூட்டிக் காயவைக்காதீர்கள், அடி வளையும். மறுநாள் வெயிலில் திறந்து வைத்து, கையை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள். உலர்ந்திருந்தால் ஒரு மண்சட்டியில் நீற்றாத சுண்ணாம்புக் கல் அரைக் கிலோ வைத்து மூடி, குழாய் வாய்களையும் சீலையால் அடையுங்கள். வெற்றிலைக்குப் பூசும் சுண்ணாம்பு சரிவராது, அது ஏற்கெனவே தண்ணீர் குடித்தது. சட்டியைப் பாதிக்கு மேல் நிரப்பவும் வேண்டாம், ஈரம் இழுத்தால் கல் ஊதிப் பெருக்கும். கண்ணில் படாமல் கையாளுங்கள். பரலை நிலத்தில் வைக்காமல் இரண்டு கல் மேல் தூக்கி வையுங்கள். மார்கழியில் ஒருநாள் மழை விட்டதும் திறந்து பாருங்கள். கல் மாவாக உதிர்ந்திருந்தால் வேறு கல் மாற்றி மூடுங்கள்.